வேற்று நாட்டார் கண்ட வியப்புகள்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

வேலை நிமித்தமாக வெளிநாடு சென்ற நம்மவர், அங்கே தாம் கண்ட புதுமைகளை எழுதிய பயணக் கட்டுரைகள் நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி நிறைய உள்ளன. சிங்கப்பூரின் தூய்மையையும் லண்டன் மாநகரின் குளிரையும் நாம் அவற்றில் படித்திருக்கிறோம். ஆனால், பிழைப்பின் பொருட்டு நம் நாட்டிற்கு வந்து தங்கும் அயலார் நம் அன்றாட வாழ்வில் எதைக் கண்டு திகைக்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மிடம் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இந்தியாவில் கால் பதித்து, திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை அமைத்தது. 1998-இல் அதன் முதல் கார் விற்பனைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து உதிரிபாகத் தொழிற்சாலைகள் பல வந்தன; அவற்றோடு கொரிய நாட்டுப் பொறியாளர்களும் வந்தனர். நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்வோர், கொரிய எழுத்தில் எழுதிய உணவகப் பெயர்ப்பலகைகளை இன்றும் காணலாம்.

அப்பகுதியில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியில் என் தாயார் சமையல் உதவியாளராக இருக்கிறார். விடுதியின் பெயரும், அங்கே தங்குவோர் எந்தத் தொழிற்சாலையினர் என்பதும் இங்குத் தேவையில்லை. என் தாயார் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒரே காரணத்தால், "உன் பொண்ணுக்கு இங்கிலீஷ் வரும் இல்ல, லீவுல கூட்டிகினு வா" என்று விடுதி மேலாளர் சொல்ல, பிளஸ் டூ முடித்த கோடையிலும், முதலாம் ஆண்டு முடித்த கோடையிலும், இடையிடையே வந்த விடுமுறைகளிலும் அங்கே வேலைக்குச் சென்றேன். எனக்கு வரும் ஆங்கிலம் எவ்வளவு என்பது எங்கள் துறை ஆசிரியர்களுக்குத் தெரியும். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

நம் துறையில் ஆய்வகக் குறிப்பேடு எழுதும்போது, கண்டதை மட்டும் எழுத வேண்டும், கருதியதை எழுதக் கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, விருந்தினர் எதைக் கண்டு விழிக்கிறார்கள் என்பதை நாள் குறித்து எழுதி வந்தேன். இக்கட்டுரையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

முதல் பக்கத்தில் இருப்பது கொரியர் அல்லர். ஜெர்மனி நாட்டிலிருந்து ஒரு மாதம் வந்து தங்கிய எந்திரப் பொறியாளர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் காவலாளி, துப்புரவு செய்யும் அக்கா, ஓட்டுநர் என எல்லோரும் "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்பார்கள். முதல் வாரம் அவர் ஒவ்வொருவரிடமும் நின்று, தாம் உண்டது ரொட்டியா, முட்டையா, எத்தனை மணிக்கு உண்டார் என்று ஒழுங்காகப் பதில் சொல்லி வந்தார். பிறகு ஒரு நாள் என்னிடம், "இவர்கள் என்னை விருந்துக்கு அழைக்கிறார்களா? நான் மறுத்து மறுத்து அவமதித்து விட்டேனா?" என்று கவலையோடு கேட்டார். அது வெறும் நலம் விசாரிப்பு என்று சொன்னதும் அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இதே கேள்வி கொரியர்களைத் திகைக்க வைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். நடந்ததோ வேறு. அவர்கள் நாட்டிலும் "பாப் மொகொஸ்ஸொயோ", அதாவது "சோறு சாப்பிட்டீர்களா" என்பதே நலம் விசாரிக்கும் வழியாம். சொந்த ஊருக்கு வந்தது போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். ஒரே செயல் ஒருவருக்கு வியப்பு, மற்றவருக்கு வீட்டு நினைவு. அன்றிலிருந்து நோட்டில் மேலும் ஒரு கட்டம் கோடிட்டு, வியந்தவர் எந்த நாட்டார் என்பதையும் எழுதத் தொடங்கினேன்.

கொரியரிடம் நமக்குப் பழக்கமானவை இப்படிப் பல இருந்தன. தந்தையை அவர்கள் அழைப்பது 'அப்பா'. தாயை அழைப்பது ஏறக்குறைய 'ஒம்மா'. பெரியோரிடம் ஒரு பொருளைத் தரும்போது இரு கைகளாலும் தருவார்கள். வீட்டுக்குள் செருப்போடு நுழைய மாட்டார்கள். உணவகத்தில் பரிமாறும் பெண்மணியை 'இமோ' என்று அழைப்பார்களாம். தாயின் உடன்பிறந்தாள் என்று பொருள். நாம் முன்பின் அறியாத ஆட்டோ ஓட்டுநரை "அண்ணே" என்று அழைப்பதைக் கேட்டுப் பிற நாட்டார் இவர்கள் அனைவரும் உறவினரோ என்று மயங்கக்கூடும். கொரியருக்கு அது மயக்கம் தரவில்லை. வாக்கிய அமைப்பிலும் வினைச்சொல் நம் மொழியைப் போலவே கடைசியில் வந்து நிற்கிறது. இவ்வொற்றுமைகளைக் கண்டு ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இலேயே கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஓர் ஒப்பிலக்கணம் எழுதி வெளியிட்டார். ஆயினும் இம்மொழிகள் ஒரே குடும்பத்தவை என்பதைப் பெரும்பாலான மொழியியலார் இன்று ஏற்பதில்லை. அப்பா, அம்மா போன்ற சொற்கள் குழந்தையின் வாயில் எளிதில் பிறக்கும் ஒலிகளாதலால் தொடர்பில்லாத மொழிகளிலும் ஒத்து நிற்கக் கூடும். நம் நண்பர்கள் இதை மேடையில் முழங்குவதற்கு முன் சற்று நிதானிப்பது நன்று.

சொல் ஒன்றாகவே இருந்து பொருள் மாறிய வேடிக்கையும் உண்டு. கொரிய மொழியில் 'பல்லி பல்லி' என்றால் 'சீக்கிரம் சீக்கிரம்'. காலையில் தொழிற்சாலை வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று ஒருவர் சமையலறை வாசலில் நின்று "பல்லி பல்லி" என்று பரபரக்க, என் தாயார் சுவரெல்லாம் தேடிவிட்டு, "ஒன்னும் இல்ல சார், போயிடுச்சு" என்றாராம். விலங்கியல் படிக்கும் நான் இதைக் குறிப்பிடாமல் விட்டால் துறைக்குத் துரோகம் செய்தவளாவேன்.

நிற்க. ஒற்றுமைகளால் நாம் கொஞ்சம் அசட்டையாகி விடுகிறோம் என்பதை விரைவிலேயே கண்டேன். உணவுப் பெட்டிகள் மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொன்றின் மேலும் விருந்தினர் பெயரைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதி வைத்தேன். அன்று மாலை பெட்டிகள் திரும்பி வந்தபோது என் எழுத்தெல்லாம் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தது. உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவது அவர்கள் நாட்டில் அபசகுனம் என்பது பின்னர்தான் தெரிந்தது. இன்னொரு நாள், சோற்றுக் குண்டானில் என் தாயார் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிட்டு வந்தார். நம் வீடுகளில் அதை யார் கவனிக்கிறார்கள்? வயதில் மூத்த ஒருவர் விரைந்து எழுந்து அந்தக் கரண்டியை எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார். சோற்றில் கரண்டியையோ உண்ணும் குச்சியையோ நட்டு வைப்பது அங்கே இறந்தவருக்குப் படைக்கும் முறையாம்.

அவர்கள் நம்மைப் பார்த்து விழித்த இடங்களும் குறைவல்ல. செம்பைத் தூக்கி, உதட்டில் படாமல் தண்ணீர் குடிப்பது அவற்றுள் ஒன்று. முயன்று பார்த்த இளைஞர் சட்டை முழுவதையும் நனைத்துக்கொண்டார். ஆயுத பூசையன்று, நுண்ணிய அளவு காட்டும் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டதையும், புதிய வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதையும் ஒருவர் இரவு உணவின்போது விரிவாகச் சொன்னார். குங்குமத் தூள் கருவிக்குள் போய்விடுமோ என்பது அவர் கவலை. "பழம் எதற்கு?" என்று அவர் கேட்டபோது என்னாலும் விளக்க முடியவில்லை. திருஷ்டி என்றேன். திருஷ்டி என்றால் என்ன என்றார். இருபது வயது வரை கண்டும் கேட்டும் வளர்ந்த ஒன்றை எனக்கே விளக்கத் தெரியவில்லை என்பது அன்றைய என் குறிப்பு.

"ஐந்து நிமிடம்" என்னும் நம் அளவை பற்றியும், செய்ய இயலாததை "பார்க்கலாம் சார்" என்று சொல்லும் நம் வழக்கம் பற்றியும் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அவை எல்லோரும் அறிந்தவையாதலால் விட்டுவிடுகிறேன்.

வயதையும் திருமணத்தையும் சம்பளத்தையும் நாம் முதல் சந்திப்பிலேயே கேட்பது மேனாட்டார்க்குப் பெரும் சங்கடம். கொரியருக்கு வயதைக் கேட்பதில் வியப்பே இல்லை. எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரிந்தால்தான் எந்த மரியாதை விகுதியில் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியுமாம். பிறந்தவுடனே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது என்று எண்ணும் பழைய முறை அவர்களிடம் இருந்தது. 2023 சூன் மாதம் முதல் அங்குச் சட்டப்படி உலக வழக்கமே பின்பற்றப்படுகிறது. ஆனால் சம்பளத்தைக் கேட்டபோது அவர்களும் ஆடிப்போனார்கள்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

நாம் ஒப்புதல் தெரிவிக்கும்போது தலையை நேராக மேலும் கீழும் அசைப்பதைவிட, இரு தோள்களின் பக்கமும் மாறி மாறிச் சாய்ப்பதே மிகுதி. 'சரி', 'ஆகட்டும்', 'கேட்டுக்கொண்டேன்', 'நீங்கள் சொன்னால் சரிதான்' என்று அதற்குப் பல பொருள். அயலார் பலருக்கு அது 'இல்லை' என்று மறுக்கும் தலையாட்டல் போலவே தெரியும். இம்மாதிரிக் குழப்பம் உலகறிந்தது. சார்லஸ் டார்வின் 1867-இல் உலகின் பல பகுதிகளில் இருந்தவர்களுக்கு அச்சிட்ட கேள்வித்தாள் ஒன்றை அனுப்பினார். 'ஆம்' என்பதற்குத் தலை மேலும் கீழுமாகவும், 'இல்லை' என்பதற்குப் பக்கவாட்டிலும் அசைகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. வந்த விடைகளை 1872-இல் வெளியிட்ட, மனிதர், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் அவர் ஆராய்ந்தார். அழுகையும் அச்சமும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் வெளிப்பட, இந்தத் தலையசைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுவதை அவர் கண்டார். பரிணாமம் என்று பாடத்தில் நாம் படிக்கும் டார்வின் இதையும் செய்திருக்கிறார்.

கடந்த மே மாதம் 6-ஆம் தேதி என் நோட்டில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: "கொரியர் ஓட்டுநரிடம் நாளை ஏழு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார். ஓட்டுநர் தலையைச் சாய்த்தார். கொரியர் வராது என்று நினைத்து வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டார். காலையில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒரே சிரிப்பு." அவ்வளவுதான். அதைச் சிரிப்பதற்குரிய செய்தியாக எழுதி மூடி வைத்துவிட்டேன். சமையலறையில் என் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் தாயாரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்து நடந்தது இது. அன்று நான் மதிப்பெண் பட்டியல் வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தேன். புதிதாக வந்திருந்த ஒரு கொரியப் பொறியாளர், இட்லிக்கு வைத்திருந்த சட்னியைக் காட்டி என் தாயாரிடம் ஆங்கிலத்தில், "இதில் பீநட் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். மல்லாட்டை என்றால் என் தாயார்க்குத் தெரியும், வேர்க்கடலை என்றாலும் தெரியும், பீநட் தெரியாது. சட்னி நன்றாக இருக்கிறதா என்று ஏதோ கேட்கிறார் என நினைத்து, மரியாதைக்குத் தலையைச் சாய்த்துச் சிரித்திருக்கிறார். அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு அவர் உண்டார். அவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது.

அரைத்த சட்னியில் கடலையைக் கண்ணால் அடையாளம் காண முடியாது. சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டதாம். ஒவ்வாமை உள்ளவரின் உடல், வேர்க்கடலையின் புரதத்தைப் பகைப்பொருளாகக் கருதி, ஹிஸ்டமின் முதலியவற்றை ஒரே நேரத்தில் வெளிவிடுகிறது. குருதி அழுத்தம் விழுகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. நல்லவேளையாக அவர் தம் பையிலேயே எபிநெஃப்ரின் ஊசி வைத்திருந்தார். தாமே தொடையில் குத்திக்கொண்டார். பின்னர் மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த ஊசி இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் மேலாளர் என் தாயாரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "கேட்டதுக்கு இல்லன்னு தலையாட்டுச்சாம், பொய் சொல்லி சாப்பிட வெச்சிடுச்சு" என்பது குற்றச்சாட்டு. "நான் சரின்னுதானே தலையாட்டினேன்" என்பதைத் தவிர என் தாயார்க்கு வேறு சொல்லத் தெரியவில்லை. அவர் சம்பளத்தில்தான் என் தம்பியின் படிப்பும் வீட்டு வாடகையும். பத்து நாள் வீட்டிலிருந்தார். அந்தப் பத்து நாளும் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான்தான் அந்த நோட்டின் 6-ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பொறியாளரையே பார்க்கச் சென்றேன். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு, ஓட்டுநர் கதையைப் படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்தும், அசைத்தும், ஆட்டியும் மூன்று விதமாகச் செய்து காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, என்னை மறுபடி செய்யச் சொன்னார். பிறகு தாமும் செய்து பார்த்தார். தாம் கேட்டபோது செயலியைப் பயன்படுத்தாமல் தலையசைப்பையே நம்பியது தம் பிழையும் ஆகும் என்றார். அவர் மேலாளரிடம் பேசிய பிறகே என் தாயாரை மீண்டும் வேலையில் சேர்த்தார்கள். பத்து நாள் கூலி வரவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

அதன்பின் சமையலறைச் சுவரில் நானே ஓர் அட்டை எழுதி மாட்டினேன். வேர்க்கடலை, பால், முட்டை, மீன், எள் எனப் படம் வரைந்து, அன்றைய உணவில் இருந்தால் சரிக்குறி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி. இதைக் கண்டு அந்தப் பொறியாளர் சிரித்துவிட்டார். அவர் பள்ளியில் படித்தபோது சரியான விடைக்கு வட்டமும், தவறான விடைக்குச் சரிக்குறி போன்ற கோடும் போடுவார்களாம்! ஆகவே குறிகளை எடுத்துவிட்டு, கலந்திருக்கும் பொருளின் படத்தை மட்டும் கொக்கியில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. இப்போதும் அப்படியே நடக்கிறது. என் தாயார்க்கு இருபத்திரண்டு ஆங்கிலச் சொற்கள் தெரியும். முதல் சொல் பீநட்.

கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1960-இல் வெளிவந்த கட்டுரையொன்றில், அயல்நாட்டில் வாழச் செல்வோர்க்கு ஏற்படும் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதியுள்ளார். தொடக்கத்தில் எல்லாம் இனிக்கும். பின்னர் எல்லாம் கசக்கும். அதன்பின் சிறிது சிறிதாகத் தெளிந்து பழகிப்போகும் என்பது அவர் கண்ட வரிசை. பழகிய சிறு சிறு அடையாளங்கள் கைவிட்டுப் போவதே அதிர்ச்சிக்குக் காரணம் என்கிறார். வந்தவர்க்கு நேர்வதைத்தான் அவர் எழுதினார். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கு நேர்வதை அவர் எழுதவில்லை. என் தாயார் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. ஆயினும் அந்த அதிர்ச்சி அவர் அடுப்படிக்கே வந்து சேர்ந்தது.

வந்தவர் அனைவரும் திரும்பிப் போவதும் இல்லை. மரபியல் பாடத்தில் நாம் பெயர் கேட்கும் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்ற வந்தார். 1961-இல் இந்தியக் குடிமகனானார். 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அறுபது ஆண்டு காலுறை அணிந்தது போதும் என்று வேடிக்கையாகச் சொல்லி நம் உடைக்கு மாறியவர் அவர்.

எங்கள் விடுதிப் பொறியாளர் அவ்வாறு தங்கவில்லை. செப்டம்பரில் விநாயகர் சதுர்த்திக்கு என் தாயார் செய்த கொழுக்கட்டையை (அதில் கடலை இல்லை என்பதைப் படத்தைக் காட்டி உறுதி செய்துகொண்டுதான்) வாங்கி உண்டு, தங்கள் அறுவடைத் திருநாளிலும் எள் பூரணம் வைத்து, பிறை வடிவில், ஊசியிலை மேல் ஆவியில் வேகவைப்பது உண்டு என்று சொன்னார். பொங்கல் முடிந்த வாரம் அவருடைய வேலைக்காலம் நிறைவுற்றது. வண்டியில் பெட்டிகள் ஏறின.

நாம் விடைபெறும்போது "போகிறேன்" என்பதில்லை; "போய் வருகிறேன்" என்கிறோம். கொரியரும் வீட்டை விட்டுப் புறப்படும்போது "போய்விட்டு வருகிறேன்" என்ற பொருளிலேதான் சொல்வார்கள் என்று அவரே முன்பு எனக்குச் சொல்லியிருந்தார். திரும்பி வருபவர் சொல்வது அது.

அன்று அவர் என் தாயார் எதிரில் நின்று இரு கைகளாலும் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தார். பிறகு தமிழில், "போயிட்டு வரேன், அம்மா" என்றார். என் தாயார் தலையைச் சாய்த்தார். அவரும் அதே போல் சாய்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.